துரையின் வலது கை

மூன்றாம் மாடி நடைவழியின் கோடியில் இருந்த அந்த அறையைக் கதவு எண் கேட்டுத் தேட வேண்டியதில்லை. பசை வாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கால் தானாக அங்கே போய் நின்றுவிடும். உள்ளே செருப்புப் பெட்டி ஒட்டுகிறவள் இருந்தாள். கட்டடத்தில் எல்லோரும் அவளைப் பெட்டிக்காரி என்றார்கள். அவள் பெட்டியில் பணம் பதுக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்து ஏமாந்தவர் எவரும் இல்லை. சுவர் தெரியாமல் கூரைவரை அடுக்கியிருந்ததெல்லாம் காலிப் பெட்டி, அதுவும் சனிக்கிழமை வந்தால் வண்டியேறிப் போய்விடும்.

அவளுக்கு ஒரே மகன், பதினோரு வயது. பிறந்த அன்று மூச்சு வரத் தாமதமானது. அந்தச் சில நிமிடத் தாமதத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடை இல்லை, பேச்சு இல்லை. கழுத்தே ஏழு வயதில்தான் நின்றது. இடது கை முஷ்டியாக இறுகி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். போதாததற்கு வலிப்பு வேறு. ஒருநாள் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமலிருக்க இடுப்பில் துணியால் கட்டிவிட்டு, அலுப்பில் அவள் சொன்னாள்: "எல்லாம் இருந்த இடத்துக்கே வரணும் உனக்கு. பெரிய துரை." அவன் அதற்குச் சிரித்தான். அன்றிலிருந்து துரை என்பதே பெயராகிவிட்டது.

துரையின் அப்பா அவனுக்கு நாலு வயதாகும்வரை கூட இருந்தார். பிறகு வெளியூரில் ஒரு வேலை இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் போலிருக்கிறது.

பெட்டி ஒட்டுகிற வேலையில் தந்திரம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். மடிக்க வேண்டிய இடமெல்லாம் கோடு அழுத்தி, அட்டை தட்டையாக வரும். தூரிகையால் பசை தடவி, ஓரத்தை மடித்து, இருபது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்தொன்பதில் கையை எடுத்தால் மடிப்பு வாயைப் பிளந்துகொள்ளும். தடவுவதும் மடிப்பதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இந்த இருபதுதான் அவள் பகலையெல்லாம் தின்றது. விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் மனதுக்குள் இருபதுவரை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் பசை தடவிய பெட்டியைத் துரையின் முன்னால் இருந்த பலகையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அவனுடைய வலது கை மடிப்பின் மேல் கிடந்தது. தற்செயலாக விழுந்த கைதான். ஆனால் அவள் அதை எடுத்து விடவில்லை. "அப்படியே பிடி துரை" என்று சொல்லி, சத்தமாக இருபது எண்ணினாள். பிறகு "விடு" என்று தானே கையைத் தூக்கிவிட்டாள். நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து "என் தங்கம்" என்றாள். மறுநாளும் அப்படியே செய்தாள், அதற்கு மறுநாளும்.

பதினான்கு மாதம் இப்படி ஓடியது. பதினைந்தாம் மாதம் ஒரு காலையில், அவள் "பிடி" என்று சொன்னதும் கை தானாக எழுந்தது. காற்றில் தடுமாறி, வழியில் பசைக் கிண்ணத்தை ஒரு இடி இடித்துவிட்டு, மடிப்பின் மேல் இறங்கி அழுத்தியது. அவள் "விடு" என்று சொல்லும்வரை எடுக்கவே இல்லை. அவள் தூரிகையும் கையுமாக நின்று அழுதாள். பதினோரு வருஷத்தில் சந்தோஷத்துக்காக அழுதது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு இருவருமாக வேலை செய்தார்கள். அவன் பிடித்துக்கொண்டிருக்க அவள் அடுத்த பெட்டிக்குப் பசை தடவுவாள். அட்டை கொண்டுவந்து போட்டு, ஒட்டிய பெட்டியை ஏற்றிப்போகும் வண்டிக்காரர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, சூப்பர்வைசர் வச்சிட்டியா" என்று சிரித்தார். பிறகு கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளியில மட்டும் சொல்லிக்காதே. நடக்க முடியாத பிள்ளைகிட்ட வேலை வாங்குறாங்கன்னு எவனாவது கிளப்பிவிட்டான்னு வச்சிக்க, உனக்கு அட்டை வராது, எனக்கு வண்டி ஓடாது."

"நான் யார்கிட்டண்ணே சொல்லப் போறேன்" என்றாள் அவள். சொல்லிக்கொள்ள ஆள் இல்லாத குறை ஒன்றுதான் அப்போது அவளுக்கு இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தப் பொன்னை அவள் அறைக்குள் பூட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

துரையின் வலிப்பு மாத்திரை இலவசமாகத்தான் வந்துகொண்டிருந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மருந்து கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்று, ஒரு பச்சை அட்டையைக் காட்டினால் கொடுப்பார்கள். கடையில் அது கிடைக்கும், ஆனால் அந்த விலைக்கு அவள் பெட்டியோடு தன்னையும் சேர்த்து விற்க வேண்டும். ஒரு முறை அங்கே சரக்கு வராமல் மூன்று நாள் மாத்திரை இல்லை. மூன்றாம் நாள் மட்டும் பதினோரு தடவை வலிப்பு வந்தது. கடைசி வலிப்பில் அவன் உதடு நீலம் பாரித்து, வெகுநேரம் நிறம் திரும்பவில்லை. அந்த நீலத்தை அவள் மறக்கவில்லை. அந்தப் பச்சை அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்கினாள்.

அந்த அட்டையைப் புதுப்பிப்பது பற்றித்தான் கடிதம் வந்தது. விதி மாறியிருக்கிறது, அட்டை கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வந்து பிள்ளையைப் பார்த்து மறுபடி மதிப்பிடுவார்கள், இன்ன தேதி என்று எழுதியிருந்தது. பதினெட்டு நாள் இருந்தது.

மருந்து வரிசையில் எப்போதும் ஒரு அம்மாள் மடக்குக் குடையோடு நிற்பார். வெயிலோ மழையோ, குடை கையில் இருக்கும், விரித்து யாரும் பார்த்ததில்லை. பெட்டிக்காரி அவரிடம் கடிதத்தைக் காட்டினாள்.

குடைக்காரம்மா அதைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "உன் பையன் ஏதாவது செய்வானா?"

பதினோரு வருஷத்தில் அவளிடம் இப்படி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. அவளுக்கு வாய் துறுதுறுத்தது. "கொஞ்சம்... கை பிடிப்பான்க்கா" என்றாள்.

"செஞ்சாலும் செய்யலைன்னு சொல்லு. பின் தெருவுல ஒரு பொண்ணு. வந்தவங்க கரண்டியைக் குடுத்தாங்க, பிடிச்சிட்டா. முன்னேற்றம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அட்டையை நிறுத்திட்டாங்க. இப்ப அந்த அம்மா மாத்திரையை ரெண்டா உடைச்சுக் குடுக்குது."

"நீங்க என்னக்கா செஞ்சீங்க?"

"நானா? ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னேன். பெத்த என்னையே யாருன்னு தெரியாதுன்னு சொன்னேன். என் பையனோட அட்டை இன்னிக்கும் பத்திரமா இருக்கு." குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவர் வேறு எங்கோ பார்த்தார்.

அந்தப் பார்வையைப் பெட்டிக்காரி கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. முழுகுகிறவளுக்கு ஒரு துரும்பு கிடைத்தால் அதை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றா கேட்பாள்?

வீட்டுக்கு வந்ததும் பாடம் ஆரம்பமாகிவிட்டது. அவளே வெளியே போய்க் கதவைத் தட்டுவாள். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு உள்ளே வருவாள். அலுவலகத்துக்காரர்கள் டக்டக்கென்று நடப்பார்கள் அல்லவா? செருப்புப் பெட்டி ஒட்டுகிறவள் வீட்டில் சத்தம் போடுகிற செருப்பு ஒன்றுகூட இல்லை. ஒரு மரக்கட்டையால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். குரலை மாற்றிக்கொண்டு, "தம்பி, இதைப் பிடி" என்று பெட்டியை நீட்டினாள். பிடி என்ற சொல் காதில் விழுந்ததும் துரையின் முகம் மலர்ந்தது. கை எழுந்தது. அவள் அந்தக் கையின் மேல் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

அவனுக்குப் புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்து மறுபடி கையைத் தூக்கினான். மறுபடி தட்டினாள். நாலு நாள் போயும் கை எழுந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் அவள் அடித்தாள். சத்தம் வரும்படியாகவே அடித்தாள். அவன் அழவில்லை. அந்தக் கையைத்தான் கொஞ்சநேரம் பார்த்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பெற்றவள் கை அது, உனக்காகத்தான் அடிக்கிறேன் என்று எந்தப் பாஷையில் அவனுக்குச் சொல்வது?

கை மடியில் கிடந்தால் முத்தம், எழுந்தால் அடி. பன்னிரண்டாம் நாள் கதவு தட்டும் சத்தம் கேட்ட உடனேயே துரை கையை மடியில் போட்டுக்கொண்டான். அவள் பையோடு உள்ளே வந்து என்ன சொன்னாலும் எடுக்கவில்லை. நெற்றியை மட்டும் முன்னால் நீட்டினான். அவள் முத்தம் கொடுத்து "என் தங்கம்" என்றாள். தன் பிள்ளையின் மூளை எவ்வளவு கூர்மையானது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அதை மறைக்கத்தான் இத்தனை பாடு.

சொன்ன தேதியில் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நடுத்தர வயது, சளி பிடித்திருந்தது, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தோளில் பெரிய கறுப்புப் பை. அதட்டல் உருட்டல் எதுவும் இல்லை. பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் உட்கார இடம் தேடி, தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அதிகாரம் பண்ணுகிறவராக இருந்திருந்தால் பெட்டிக்காரி கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பாள்.

பையிலிருந்து ஒரு மணி, ஒரு கோப்பை, ஒரு ரப்பர் பந்து வெளியே வந்தன. "தம்பி, பிடி பார்க்கலாம்" என்று ஒவ்வொன்றாக நீட்டினார். துரையின் கை மடியிலேயே கிடந்தது. அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"சிரிக்கிறானே" என்றார் அவர்.

"யாரைப் பார்த்தாலும் சிரிப்பான் மேடம். அர்த்தம் ஒண்ணும் கிடையாது."

எழுதிக்கொண்டார். வலிப்பு வருமா என்று கேட்டார். மாத்திரை தவறாமல் கொடுத்தால் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். "தினமும் வருது மேடம்" என்றாள். சாப்பாடு? "வாயைப் பிளந்து திணிக்கணும்." தூக்கம்? "ராத்திரி முழுக்க முனகல்தான்." கேள்வி வர வர அவளுக்குத் தைரியமும் வந்தது. ஒவ்வொரு பொய்யும் அட்டைக்கு ஒரு ஆணி அடித்து இறுக்குவதாக நினைத்துக்கொண்டாள்.

"உங்களை அடையாளம் தெரியுமா அவனுக்கு?"

துரை அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்மணி வந்ததிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாது மேடம்."

"நிச்சயமாவா?"

"அவனுக்கு நானும் ஒண்ணுதான், இந்தச் சுவரும் ஒண்ணுதான்."

தவளை தன் வாயால் கெடும் என்பது பழைய சொல். தவளையாவது கத்தியதால் கெட்டது. இவள் யோசித்து, ஒத்திகை பார்த்து, நாள் குறித்துக்கொண்டு கெட்டாள்.

பேனா படிவத்தின் ஒரு கட்டத்தில் கோடு போட்டது. "நீங்க வெளியில போகும்போது யார் பார்த்துப்பாங்க?"

"பூட்டிட்டுப் போவேன்."

அவர் திரும்பிக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, பெட்டிக்காரியின் தோளில் கை வைத்தார். "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்கம்மா. இனிமே நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

அட்டை தப்பித்தது என்று அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

அடுத்த முதல் திங்கட்கிழமை மருந்து வரிசையில் அவளுக்கு முன்னால் நாலு பேர் தள்ளிக் குடைக்காரம்மா நின்றார். நன்றி சொல்ல வேண்டும் என்று இவள் காத்திருந்தாள். வரிசை நகர்ந்து அவருடைய முறை வந்தது. அவர் எதுவும் வாங்காமல் விலகி, வாசலைப் பார்த்து நடந்தார். இவள் தன் மாத்திரையை வாங்கும்போது மருந்து கொடுப்பவரிடம் கேட்டாள். "ஏன் அவங்க வாங்காம போறாங்க?"

"அவங்களுக்கு இங்க ஏதும்மா மருந்து? பையனைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நின்னு நின்னு பழக்கம் விடலை போல. மாசாமாசம் வந்து நின்னுட்டுப் போவாங்க."

அவள் ஓடிப்போய் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அட்டை பத்திரமா இருக்குன்னீங்களே."

"இருக்கே" என்றார் குடைக்காரம்மா. "இல்லத்துல இருக்கு. பையனோடதானே அட்டையும் போகும்."

"ஏன்க்கா எனக்குச் சொல்லலை?"

"நீ அட்டையைத்தானேம்மா கேட்டே." அவர் குரலில் சூதும் இல்லை, வருத்தமும் இல்லை. "போன தடவை போய்ப் பார்த்தேன். என்னைத் திரும்பியே பார்க்கலை. என்னை யாருன்னு தெரியாதுன்னு நான்தானே சொல்லி எழுத வச்சேன். இப்ப நெசமாவே தெரியலை."

பெட்டிக்காரி வீட்டைப் பார்த்து ஓடினாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கதவிடுக்கில் கடிதம் செருகியிருந்தது. எந்தத் திறனும் இல்லாத, தாயையும் அறியாத, தனியே பூட்டிவைக்கப்படுகிற பிள்ளை என்பதால் முழுநேரப் பராமரிப்பு இல்லத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வரும் புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும். பச்சை அட்டை இல்லத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. வாங்கிவந்த மாத்திரைதான் கையில் இருந்த கடைசி மாத்திரை. அவனைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடினாலும் ஒரு மாதத்தில் அந்த நீல உதடு வந்துவிடும்.

மறுநாளே அலுவலகத்துக்கு ஓடினாள். "நான் சொன்னதெல்லாம் பொய்ங்க. அவனுக்கு என்னைத் தெரியும். வேலைகூடச் செய்வான்." மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கடிதம் கிடைச்சா எல்லாரும் இதைத்தாம்மா வந்து சொல்றாங்க. வண்டியோட மேடம் வருவாங்க. நெசமா செய்வான்னா அவங்க முன்னால செஞ்சு காட்டச் சொல்லுங்க. அவங்க கையெழுத்துப் போட்டா மாத்தலாம்."

ஆக, ஒரு வழி இருந்தது. ஒரு பெட்டி. இருபது எண்ணும் நேரம். அவ்வளவுதான்.

அவள் மறுபடி பாடம் எடுத்தாள். தனியாக இருக்கும்போது துரை எப்போதும்போல அழகாகப் பிடித்தான், "விடு" என்றதும் விட்டான். வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் கை மடியில் கிடந்தது. "பிடி துரை" என்றாள். அவன் நெற்றியை நீட்டினான். முத்தம் கொடுக்காமல் நின்று பார்த்தாள். போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். அவளே கையைப் பிடித்து இழுத்து மடிப்பின் மேல் வைத்தாள். இது ஏமாற்று வேலை, அடுத்தது அடி என்று தெரிந்த பிள்ளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

நாலாம் நாள் பொறுமை போய் அடிக்கக் கை ஓங்கினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், வலது கையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டான். ஓங்கிய கையைத் தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கினாலும் அடி, தூக்காவிட்டாலும் அடி என்றால் அவன்தான் என்ன செய்வான்?

சனிக்கிழமை வண்டிக்காரர் வந்தார். விஷயத்தைச் சொல்லி, "புதன்கிழமை பத்து மணிக்கு வந்து நில்லுங்கண்ணே. நீங்க பார்த்ததைச் சொன்னா போதும்" என்று கெஞ்சினாள்.

"வரேன் தங்கச்சி" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே. ஒட்டிய பெட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டார். புது அட்டை இறக்கவில்லை. கேட்டதற்கு, "அடுத்த வாரம் பார்த்துக்கலாமே" என்றார். அறை பளிச்சென்று காலியாகிவிட்டது. சுவர் என்ன நிறம் என்று அவளுக்கு வெகுநாளைக்குப் பிறகு தெரிந்தது. மிஞ்சியிருந்த ஏழு அட்டையைப் புதன்கிழமைக்கென்று எடுத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கதவு தட்டும் சத்தம்தானே கையை மடிக்கு அனுப்புகிறது? தட்டவே விடாவிட்டால்? புதன்கிழமை காலை துரையைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, கதவை அகலத் திறந்து, அசையாமலிருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தாள். ஒன்பதரை மணிக்கே வேலையை ஆரம்பித்தாள். பிடி, விடு. பிடி, விடு. கை தவறவே இல்லை. வந்து நிற்கிற மேடம் கண்ணெதிரே அது நடந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது பெட்டியில் அவன் கை இருந்தபோது மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. "பிடி துரை, அப்படியே பிடி" என்றாள்.

அந்தப் பெண்மணி நல்ல பழக்கம் உள்ள மனுஷி. அடுத்தவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைகிறவர் அல்ல. பெட்டிகள் இருந்த பக்கம் அவர் கண் போவதற்கு முன்னால், விரிந்து கிடந்த கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்.

துரையின் கை மடிக்குப் போனது. அவன் விட்ட மடிப்பு மெல்ல வாயைப் பிளந்தது.

"மேடம், இப்பதான் பிடிச்சிட்டிருந்தான். நீங்க பார்க்கலையா?"

"எதைம்மா?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். வரிசையில் கேட்டது, மரக்கட்டையால் தட்டியது, அடித்தது எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "சரி, காட்டச் சொல்லுங்க. நான் இருக்கேன்" என்று சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். "பையை வெளியில வச்சிடுங்க மேடம்" என்றாள் இவள். அதையும் எழுந்து போய் வெளியே வைத்துவிட்டு வந்தார். குறை சொல்ல முடியாது. கூட வந்திருந்த உதவியாளர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் ஆறாவது அட்டைக்குப் பசை தடவினாள். "பிடி கண்ணு." துரை நெற்றியை நீட்டினான். "பிடிடா என் ராசா." நெற்றி இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. அந்தப் பசை காய்ந்தது. ஏழாவதைத் தடவினாள். கால் மணி நேரம் போயிற்று. அவன் கையை விரல்கூட அசைக்காமல் மடியில் வைத்திருந்தான். இத்தனை பேர் முன்னால், இவ்வளவு நேரம், அவன் இப்படிச் செய்ததே இல்லை. முத்தம் ஏன் இன்னும் வரவில்லை என்று மட்டும்தான் அவனுக்குக் கவலை. அது அவளுக்குத் தெரிந்தது. கொடுத்தால் பாடம் முடிந்தது என்று ஆகிவிடும் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தாள். வண்டிக்காரர் வரவில்லை.

"போதும்மா" என்றார் அந்தப் பெண்மணி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உங்க மனசு எனக்குப் புரியுது. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வந்து பார்க்கலாம். அங்க டாக்டர் இருக்காங்க, நல்லா பார்த்துப்பாங்க."

உதவியாளர் இடுப்புத் துணியை அவிழ்த்துத் துரையைத் தூக்கினார். தோளுக்கு மேலே அவன் முகம் அவள் பக்கமே திரும்பியிருந்தது, நெற்றி நீண்டபடியே. அந்தப் பெண்மணி கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைப் பலகையின் மேல் பரப்பினார். எங்கே எங்கே என்று காட்டினார். அவள் எங்கெங்கோ கிறுக்கிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் மூன்று மாடியும் ஓடி இறங்கினாள்.

வண்டியின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. துரையை உட்காரவைத்துப் பட்டை போட்டிருந்தார்கள். உதவியாளர் முன்பக்கம் ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே குனிந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "என் தங்கம்" என்றாள். அவன் முகத்திலிருந்த கவலை போய்விட்டது. மடியிலிருந்த கை எழுந்தது. தடுமாறி வந்து அவள் மணிக்கட்டின் மேல் இறங்கி, பெட்டியை அழுத்துவதுபோலவே அழுத்திப் பிடித்தது.

மேடம் இன்னும் மேலேதான் இருக்கிறார். இறங்கி வருவார். கண்ணால் பார்ப்பார். "அப்படியே பிடி துரை. விடாதே" என்று சொல்லி எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் பிடித்திருந்தான். எட்டு, ஒன்பது. அவன் இவ்வளவு பலமாகப் பிடித்ததே இல்லை. பதினைந்து. பதினாறு.

படிக்கட்டில் டக்டக்கென்று காலடி இறங்கி வந்தது. தோளில் கறுப்புப் பை ஆட, அந்தப் பெண்மணி வாசலுக்கு வந்தார். துரை அவரைப் பார்த்தான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியை அம்மாவுக்கு நீட்டினான்.

அவள் முத்தம் கொடுத்தாள். உதவியாளர் அவளை மெல்ல விலக்கிவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினார்.